வழி வாய்க்கால்

அம்மம்மாவின் காணி உறுதியை அதற்கு முன்னும் நான் பார்த்திருக்கிறேன். அம்மா அதை ஒரு சொப்பிங் பையில் சுற்றி, அந்தப் பையை இன்னொரு பையில் சுற்றி, இடம்பெயர்ந்து இருந்த ஒவ்வொரு வீட்டிலும் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தார். எழுத்தெழுத்தாக வாசித்தது, 20 வருடங்களுக்கு மேல் போக முடியாமல் இருந்த அந்தக் காணிக்குத் திரும்பப் போன கிழமையில்தான். மடித்த இடமெல்லாம் கடுதாசி அறுந்திருந்தது. நாலு பரப்பு. கிழக்கே ஒழுங்கை, மற்ற மூன்று பக்கமும் உறவுக்காரரின் பெயர்கள். அதற்குப் பிறகு அந்த வரி: நிலம், வான்பயிர், கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு, வழி வாய்க்கால் பாவனை உரிமை. காணி முழுக்கப் பற்றை மண்டிக் கிடந்தது. வேலியில் ஒரு கதியால்கூட மிஞ்சவில்லை. ஒழுங்கை என்று அம்மா கையைக் காட்டிய இடத்தில் ஆளுயரத்துக்கு நாயுருவி நின்றது. கிணறு மட்டும் அப்படியே இருந்தது. அதுவும் எங்கள் எல்லைக்குள் இல்லை, பக்கத்துக் காணிக்குள்.

கனடாவிலிருந்து வந்திருந்த சின்னம்மாவின் மகன் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து வாசித்தான். "இதென்னத்துக்கு அக்கா வழி வாய்க்காலையும் எழுதி வைச்சிருக்கினம்? காணியை எழுதினாக் காணாதோ?" என்று கேட்டான். அம்மா முந்திக்கொண்டு, "தண்ணி வராத காணி என்னத்துக்கடா?" என்றார். அன்று பின்னேரம் பக்கத்துக் காணிக்காரர் வந்தார். அவரும் எங்களைப் போல ஊர் ஊராய் அலைந்து திரும்பியவர்தான். கிணற்றைச் சுற்றி மதில் கட்டப் போவதாகச் சொன்னார். அம்மா வாய்க்காலைப் பற்றிக் கேட்டதும், கோபமில்லாமல், களைத்த குரலில் ஒரு பதில் சொன்னார்: "இருவத்தஞ்சு வருசமா அதிலை ஆரும் தண்ணி கொண்டு போகேல்லை அக்கா. இனி என்ன வாய்க்கால்?"

தம்பியின் கேள்வியும் அவருடைய கேள்வியும் ஒன்றாகச் சேர்ந்து என்னை விடாமல் அரித்தன. நான் சட்டம் படித்தவள், வழக்காடப் போனதில்லை. முதலாம் வருடத்தில் ரோமன் சட்டம் ஒரு பாடம். ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும், அவர்களோடு வந்த ரோமன் டச்சுச் சட்டத்தை ஆங்கிலேயர் அப்படியே வைத்துக்கொண்டதும், எழுதிய சட்டம் வாய் திறக்காத இடங்களில் இன்றும் இலங்கை நீதிமன்றங்கள் அதைத் தேடிப் போவதும் எங்களுக்குச் சொல்லித் தரப்பட்டன. பரீட்சை முடிந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. ஆனால் அந்த இரவு, கொசுவர்த்திப் புகைக்குள் படுத்துக் கிடந்தபோது, காயுஸ் எழுதிய ஒரு பட்டியல் நினைவுக்கு வந்தது. அதிலும் வழி இருந்தது, வாய்க்கால் இருந்தது.

ஒரு பட்டியல்

காயுஸ் கி.பி. 2ஆம் நூற்றாண்டு ரோமச் சட்ட ஆசிரியர். முழுப்பெயர்கூட நமக்கு வந்து சேரவில்லை. மாணவர்களுக்காக அவர் எழுதிய பாடநூல் பல நூற்றாண்டுகள் காணாமல் கிடந்து, 1816இல் வெரோனா நகரத் தேவாலய நூலகத்தில் நீபூர் என்ற ஜெர்மானிய அறிஞரின் கண்ணில் பட்டது. தோலில் எழுதிய பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு, அதன் மேல் புனித ஜெரோமின் கடிதங்களை எழுதியிருந்தார்கள். அடியில் மங்கலாகக் காயுஸ் இருந்தார். உலகத்துச் சொத்துகளையெல்லாம் எப்படிப் பிரிப்பது என்று அந்த நூலின் இரண்டாம் பாகம் சொல்லிக்கொண்டே போகிறது. தெய்வத்துக்கு உரியவை, மனிதருக்கு உரியவை, பொது, தனியார், தொடக்கூடியவை, தொடமுடியாதவை. தன் காணியில் பிணத்தைப் புதைத்தால் அந்த இடம் இறந்தவர்களுக்கு உரியதாகிவிடும். நகரத்தின் மதிலும் வாசலும் ஒரு வகையில் தெய்வத்துக்குச் சேர்ந்தவை. இவற்றின் நடுவில் வருகிறது ரெஸ் மன்சிப்பி, ரெஸ் நெக் மன்சிப்பி என்ற பிரிவு. சடங்கு செய்து மட்டுமே கைமாற்றக்கூடியவை ஒரு பக்கம், வெறுமனே கையில் கொடுத்தால் போதுமானவை மறுபக்கம்.

சடங்கு வேண்டியவை எவை? இத்தாலிய மண்ணில் உள்ள நிலமும் வீடும். அடிமைகள். கழுத்தில் நுகம் பூட்டியோ முதுகில் பாரம் ஏற்றியோ பழக்கும் மிருகங்கள், அதாவது மாடு, குதிரை, கோவேறு கழுதை, கழுதை. கடைசியாக, வயற்காணிகளுக்கு உரிய வழியுரிமையும் தண்ணீர் கொண்டுபோகும் உரிமையும். பட்டியல் அவ்வளவுதான். பொன் இல்லை, முத்து இல்லை, கப்பல் இல்லை. ஆடும் பன்றியும் இல்லை. ஒரு முத்துமாலையை வாங்குகிறவர் காசைக் கொடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு போகலாம். ஒரு கிழட்டுக் கழுதையை வாங்க ஐந்து சாட்சிகளைக் கூப்பிட வேண்டும்.

அந்தச் சடங்கை மெல்ல நினைத்துப் பாருங்கள். வயதுவந்த ரோமக் குடிமக்கள் ஐந்து பேர் சுற்றி நிற்கிறார்கள். ஆறாவதாக ஒருவர் கையில் வெண்கலத் தராசு. வாங்குகிறவர் பொருளைக் கையால் பற்றிக்கொண்டு, குவிரித்தெஸ் (ரோமக் குடிமக்களின் பழைய பெயர்) சட்டப்படி இது என்னுடையது, இந்த வெண்கலத்தாலும் தராசாலும் எனக்கு வாங்கப்பட்டது என்று சொல்லி, ஒரு வெண்கலத் துண்டால் தராசைத் தட்டி, அந்தத் துண்டை விலைபோல விற்றவர் கையில் கொடுக்கிறார். நாணயம் அடிக்காத, உலோகத்தை நிறுத்துக் கொடுத்த காலத்தின் மிச்சம் அது. காயுஸ் இந்தச் சடங்கை விளக்க எடுத்துக்கொள்ளும் உதாரணத்தில் வாங்குகிறவர் பற்றிப் பிடிப்பது ஒரு மனிதனை. 'இந்த மனிதன் என்னுடையவன்' என்றுதான் வாசகம் தொடங்குகிறது. நிலத்துக்கும் மாட்டுக்கும் நடுவில், கை பிடித்து நிறுத்தப்பட்ட ஒரு ஆள். மாணவியாக இருந்தபோது இதைத் தாண்டி வாசித்துவிட்டேன். இப்போது முடியவில்லை. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கங்களைத் தொகுத்து 1707இல் ஒல்லாந்தர் எழுதி வாங்கிய நமது தேசவழமைச் சட்டத்திலும் அடிமைகளுக்கென்று ஒரு பகுதி இருந்தது. இலங்கையில் அடிமைமுறையைச் சட்டம் ஒழித்தது 1844இல்தான். எங்கள் கிணற்றின் மூன்று பங்குகளும் பங்காளிகளுக்கு எழுதப்பட்டவை. கிணற்றுக் கட்டில் ஏற விடாமல், எட்டி நின்று கையேந்த வைத்துத் தண்ணீர் வார்க்கப்பட்டவர்களின் பெயர் ஊரில் எந்த உறுதியிலும் இல்லை.

இந்தப் பட்டியலுக்கு என்ன காரணம் என்று அறிஞர்கள் பலவிதமாகச் சொல்கிறார்கள். எனக்குப் படுவது இது: ஒரு உழவுக் குடும்பத்தின் முற்றத்தில் நின்று பார்த்தால் தெரிகிறவைதான் அந்தப் பட்டியல். உழ நிலம், உழைக்க ஆள், இழுக்க மாடு, வயலுக்குப் போக வழி, பயிருக்குத் தண்ணீர். இதில் ஒன்று போனாலும் அடுத்த போகம் இல்லை. முத்துமாலை போனால் வீடு அழும், ஆனால் கலப்பை ஓடும். ஆகவே இவை வீட்டை விட்டுப் போகும்போது மட்டும் ஊருக்குத் தெரிய வேண்டும், ஐந்து பேர் கண்ணால் காண வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். வழிக்கும் வாய்க்காலுக்கும் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். நிலத்தை வேலி காட்டும், மாட்டைக் கயிறு காட்டும். அடுத்தவர் காணிக்குள்ளால் எனக்குப் போகும் உரிமையை எது காட்டும்? கண்டவர்களின் ஞாபகம்தான். அந்தப் பட்டியலில் கையால் தொட முடியாதவை இவை மட்டுமே. அவற்றையும் மாட்டோடும் மண்ணோடும் சேர்த்து வைத்த உழவர்களை எனக்கு அன்று இரவு நன்றாகத் தெரிந்தவர்கள்போல இருந்தது.

அவர்கள் இந்த உரிமைகளை எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தார்கள் என்பதற்குச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். நடந்து போகும் உரிமை வேறு, மாடு ஓட்டிப் போகும் உரிமை வேறு, முழு வண்டிப்பாதை வேறு. வண்டிப்பாதை நேராக ஓடும் இடத்தில் 8 அடி அகலம், வளைவில் 16 அடி என்று கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ரோமர் எழுதி வைத்த பழைய சட்டமான பன்னிரு பலகைகளே சொல்லிவிட்டன. மாட்டு வண்டியில் போயிருப்பவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டாம். வளைவில் வண்டியின் பின்சில்லு உள்ளே வெட்டும், வேலியை உரசும், வேலிக்காரர் வெளியே வருவார். பாதையைச் சரியாக வைத்திருக்காவிட்டால் வண்டிக்காரன் விரும்பிய பக்கத்தால் ஓட்டிப் போகலாம் என்றும் ஒரு விதி. முழுப்பாதை உரிமை உள்ளவர் மரத்தையும் கல்லையும் இழுத்துப் போகலாமா, ஈட்டியை நிமிர்த்திப் பிடித்தபடி போகலாமா என்று ஒரு கேள்வி வருகிறது. போகலாம், விளைச்சலுக்குச் சேதம் வராவிட்டால், என்று பெரும்பாலான அறிஞர்களின் கருத்தைப் பவுலுஸ் என்ற ரோமச் சட்ட அறிஞர் எழுதி வைத்திருக்கிறார். இரண்டு வயல்களுக்கு நடுவில் 5 அடி விட வேண்டும், அந்த ஐந்தடியை எத்தனை வருடம் ஆண்டாலும் சொந்தமாக்க முடியாது என்பது இன்னொரு பழைய விதி. எங்கள் ஊரில் ஒவ்வொரு மாரிக்கும் வேலி ஒரு சாண் நகர்ந்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவளுக்கு அந்த ஐந்தடி பெரிய காரியமாகத் தெரிகிறது.

பெயர் தெரியாத மிருகங்கள்

யானையும் ஒட்டகமும் முதுகில் பாரம் சுமக்கின்றன. அப்படியானால் அவையும் சடங்கு வேண்டிய சொத்தா? இல்லை என்கிறார் காயுஸ். அதற்கு அவர் தரும் காரணம்தான் என்னை நிறுத்தியது. இந்தப் பாகுபாடு ஏற்பட்ட காலத்தில் அந்த மிருகங்களின் பெயரே ரோமர்களுக்குத் தெரியாது. கி.மு. 280இல் பிர்ருஸ் மன்னனோடு நடந்த போரில்தான் அவர்கள் முதன்முதல் யானையைக் கண்டார்கள். சண்டை நடந்தது லுக்கானியா நாட்டில் என்பதால், வேறு சொல் அகப்படாமல், அதை லுக்கானிய மாடு என்றார்கள். பேச்சில் மாடு ஆகிவிட்ட யானை, சட்டத்தில் கடைசிவரை மாடு ஆகவில்லை. பட்டியல் அதற்கு முன்பே மூடிவிட்டது. கன்றுக்குட்டி பிறந்த அன்றே மாட்டுக் கணக்கில் வருமா, பழக்கி நுகம் வைத்த பிறகுதான் வருமா என்று இரண்டு சட்டப் பள்ளிகள் தலைமுறைகளாக வாதாடின. பேரரசு பிரித்தானியாவிலிருந்து சிரியாவரை விரிந்த பிறகும், பழைய லத்தீன் உழவன் ஒருவனின் தொழுவத்தில் எது நின்றது என்ற கணக்கையே வைத்து உலகத்தைப் பிரித்தார்கள்.

அந்தக் கணக்கை மீறிவிட்டால் என்ன ஆகும்? நான் உங்களுக்கு ஒரு வயலை விற்கிறேன். ஐந்து பேரைத் தேடிப் பிடிக்க அலுப்பு. காசை வாங்கிக்கொண்டு வயலைக் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் உழுகிறீர்கள், விதைக்கிறீர்கள். ஆனால் குவிரித்தெஸ் சட்டப்படி வயல் இன்னும் என்னுடையது. இரண்டு வருடம் நீங்கள் தொடர்ந்து ஆண்ட பிறகுதான் அது உங்களுக்கு வரும். அசையும் பொருளுக்கு ஒரு வருடம். அதற்குள் நான் வழக்குப் போட்டால் பழைய சட்டம் என் பக்கம். இந்த அநியாயத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாமல் நீதி அதிகாரியான பிரேட்டர் குறுக்கே வந்தார். விற்றுக் கைகொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்காதே என்று எனக்குத் தடை போட்டார். வேறொருவர் பறித்துக்கொண்டால், இரண்டு வருடம் முடிந்துவிட்டதாகவே வைத்துக்கொண்டு உங்களுக்குத் தீர்ப்புச் சொன்னார். முன்பு ஒன்றாக இருந்த உடைமை பிறகு இரண்டாகப் பிரிந்தது என்று காயுஸ் எழுதுகிறார். ஒரே வயலுக்குப் பெயரளவில் ஒரு சொந்தக்காரர், அனுபவத்தில் ஒரு சொந்தக்காரர்.

சீசரின் மண்

இனிச் சொல்லப் போவது எனக்குக் கஷ்டமான பகுதி. பட்டியலில் 'இத்தாலிய மண்' என்று ஒரு சொல் இருந்ததே. இத்தாலிக்கு வெளியே, மாகாணங்களில் இருந்த நிலம் பட்டியலில் இல்லை. அங்கே எந்தச் சடங்கு செய்தாலும் நிலத்துக்கு முழு உடைமை வராது. அந்த மண் ரோம மக்களுக்கோ சீசருக்கோ, அதாவது சக்கரவர்த்திக்கோ, சொந்தம், நமக்கு அதில் ஆட்சியும் அனுபவமும் மட்டுமே இருப்பதாகக் கருதப்படுகிறது என்று காயுஸ் எழுதுகிறார். எகிப்தின் நைல் கரையில் பரம்பரையாக உழுதவர், சிசிலியில் கோதுமை விதைத்தவர், சிரியாவில் ஒலிவ மரம் வைத்தவர், எல்லாரும் அப்படித்தான். வாங்கலாம், விற்கலாம், பிள்ளைக்கு விடலாம், வரி கட்டலாம். என்னுடையது என்று அந்த முழுச் சொல்லைச் சொல்லித் தராசைத் தட்ட மட்டும் முடியாது.

இதை வாசிக்கும்போது எனக்கு வன்னியில் இருக்கும் மாமாவின் ஞாபகம் வராமல் இருக்காது. எங்கள் பக்கத்தில் கல்யாணம் பேசும்போதே கேட்பார்கள்: உறுதிக்காணியோ, பெமிற் காணியோ? 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு அனுமதிப்பத்திரம் கொடுத்த காணிதான் பெமிற் காணி. மாமா காடு வெட்டினார், கிணறு கிண்டினார், 40 தென்னை வைத்தார். ஆனால் நினைத்தபடி விற்க முடியாது, நினைத்தபடி பிரித்து எழுத முடியாது. "காணி இருக்கு, உறுதி இல்லை" என்பார். ஒரு வசனத்தில் இரண்டு உண்மை. ரோமாபுரியின் சட்டத்துக்கும் இந்தச் சட்டத்துக்கும் வம்சாவழித் தொடர்பு இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் மாமாவின் அந்த வசனத்தை மாகாணத்து உழவர் எவரிடம் சொல்லியிருந்தாலும் உடனே விளங்கியிருக்கும்.

மாகாணத்து மண்ணுக்கு ஏன் அப்படி? இதற்கும் காயுஸிடமே ஒரு வரி கிடைக்கிறது. பழைய காலத்தில் சொத்து வழக்கு நடக்கும்போது இரு தரப்பும் கையில் ஒரு கோலை வைத்திருப்பார்கள். நிலம் என்றால் அந்த நிலத்திலிருந்து ஒரு மண்கட்டியைக் கொண்டுவந்து வைத்து, அதைக் கோலால் தொட்டு உரிமை கேட்பார்கள். அந்தக் கோல் ஈட்டிக்குப் பதிலாக நிற்பது. காரணம், பகைவரிடமிருந்து கைப்பற்றியதே எல்லாவற்றிலும் மிகத் தமக்கு உரியது என்று அவர்கள் நம்பினார்கள். இந்த வரியை வாசித்துவிட்டு நான் புத்தகத்தை மூடி வைத்தேன். கைப்பற்றியவரின் பக்கத்திலிருந்து எழுதிய சட்டம் அது. அதே மண்கட்டியை மறுபக்கத்திலிருந்து பார்த்தவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களும் அரிசிப் பானைக்குப் பின்னால், அல்லது அவர்களுடைய தானியக் குதிருக்குப் பின்னால், எதையாவது ஒளித்து வைத்திருப்பார்கள்.

இத்தாலியும் மாகாணமும் மண்ணில் வரைந்த கோடு அல்ல என்பது ரோமர்களுக்கே தெரியும். செவெருஸ் சக்கரவர்த்தி, தான் பிறந்த லெப்டிஸ் மாக்னாவுக்கு இத்தாலிய உரிமையைக் கொடுத்தார். வட ஆப்பிரிக்க மணல், ஒரு கட்டளையால், சட்டத்தின் கண்ணில் இத்தாலிய மண் ஆயிற்று. கார்த்தேஜுக்கும் உட்டிக்காவுக்கும் அப்படியே. மற்ற ஊர்கள் காத்திருந்தன. ஆனால் உடைமை என்ற சொல் இல்லாத இடத்திலும் வாழ்க்கை நடந்தது. இன்றைய அல்ஜீரியாவில் லமஸ்பா என்ற ஊரில் 3ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. யாருடைய காணிக்கு, எந்த மணியிலிருந்து எந்த மணிவரை வாய்க்கால் தண்ணீர் என்று, ஆள் ஆளாகப் பெயர் சொல்லிப் பொறித்த முறை அட்டவணை. காயுஸின் கணக்கில் அவர்கள் வெறும் அனுபவக்காரர். கல்லில் அவர்கள் பெயர் இருக்கிறது, தண்ணீர் நேரம் இருக்கிறது.

கடைசியில் இந்தப் பாகுபாட்டையெல்லாம் துடைத்தவர் ஜஸ்டினியன். 531இல் சடங்கு வேண்டியது, வேண்டாதது என்ற வேறுபாட்டை எடுத்துவிட்டார். அந்தக் காலத்திலேயே, குவிரித்தெஸ் உரிமை என்ற வெறும் பெயர் ஒரு விடுகதைபோல ஆகிவிட்டது, முதல் நாள் சட்ட வகுப்புக்கு வரும் இளைஞர்களை அது வெருட்டுகிறது என்று அவருடைய ஆணை சொல்கிறது. முதலாம் வருடத்தில் வெருண்டவர்களில் ஒருத்தி என்ற முறையில் அந்தச் சக்கரவர்த்திக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது. ஆனால் வழியும் வாய்க்காலும் எங்கும் போகவில்லை. பட்டியல் போன பிறகும், ஒல்லாந்து போய், கப்பலேறி, அவை எங்கள் பக்கத்து நீதிமன்றங்கள்வரை வந்து சேர்ந்தன. எங்கள் ஊருக்கு வந்தபோது இங்கேயும் தங்கள் பாட்டில் ஒரு வழி வாய்க்கால் இருப்பதைக் கண்டிருக்கும்.

வற்றிய ஊற்று

பக்கத்துக் காணிக்காரரின் கேள்விக்கு வருகிறேன். 25 வருடமாக ஒருவரும் தண்ணீர் கொண்டுபோகாத வாய்க்காலுக்கு இனி என்ன உரிமை? பழைய ரோமச் சட்டத்தைக் கேட்டால் அவர் சொன்னதுதான் பதில். வயற்காணி உரிமைகளை இரண்டு வருடம் பாவிக்காமல் விட்டால் போய்விடும். இரண்டே இரண்டு வருடம். அதைத் தேடி எடுத்து வாசித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. அம்மாவிடம் சொல்லவில்லை.

பிறகு ஒரு நாள், ஜஸ்டினியன் தொகுப்பித்த டைஜஸ்ட் நூலில் அதே விஷயத்தைச் சுற்றிப் புரட்டிக்கொண்டிருந்தபோது, எட்டாம் புத்தகத்தில் பவுலுஸ் எடுத்துக்காட்டும் ஒரு கடிதம் அகப்பட்டது. சீசர் ஸ்டட்டிலியுஸ் டௌருஸ் என்பவருக்கு எழுதியது. சூத்ரியக் காணி ஊற்றிலிருந்து வழக்கமாகத் தண்ணீர் எடுத்துவந்தவர்கள் அவரிடம் முறையிட்டிருக்கிறார்கள். ஊற்று வற்றிப்போய்விட்டது. சில வருடங்கள் தண்ணீர் எடுக்க முடியவில்லை. பிறகு ஊற்று மறுபடி சுரந்தது. அதற்குள் காலம் கடந்து உரிமை போய்விட்டது. தங்கள் கவனக்குறைவாலோ குற்றத்தாலோ அது போகவில்லை, எடுக்க முடியாமல் இருந்ததால்தான் போயிற்று, அதைத் திருப்பித் தர வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டது நியாயமாகப் பட்டதால் அவர்களுக்கு உதவ வேண்டும் என்று எண்ணியதாகச் சீசர் எழுதுகிறார். தண்ணீர் அவர்களுக்கு வராமல் நின்ற முதல் நாளில் என்ன உரிமை இருந்ததோ, அதே உரிமையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார்.

நான் அதை மூன்று தடவை வாசித்தேன். எங்கள் கிணறு வற்றவில்லை. தண்ணீர் 20 வருடங்களுக்கு மேல் அங்கேயே நின்றது. வற்றிப்போனது நாங்கள். ஆனால் 'எடுக்காமல் விட்டது' வேறு, 'எடுக்க முடியாமல் போனது' வேறு என்று, அவ்வளவு இரக்கமில்லாத சட்டத்துக்குள்ளேயே ஒருவர் நின்று யோசித்திருக்கிறார். பிரேட்டரின் அறிவித்தலிலும் அதே யோசனை உண்டு. அச்சத்தால் ஊரை விட்டுப் போனவர், விலங்கு பூட்டப்பட்டுக் கிடந்தவர், பகைவர் கையில் சிக்கியவர், இவர்களுடைய சொத்தை அந்தக் காலத்தில் இன்னொருவர் ஆண்டு சொந்தமாக்கிவிட்டால், திரும்பி வந்து ஒரு வருடத்துக்குள் கேட்டால் பழைய நிலை திரும்பும். இலங்கையிலும் பத்து வருட ஆட்சியால் காணி உரிமை வரும் என்ற 1871ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மேல், 1983 முதல் 2009 வரையான போர்க்காலத்தில் ஆயுதக் குழுக்களின் நடவடிக்கையால் நீதிமன்றம் போக முடியாமல் இருந்தவர்களுக்காக 2016இல் ஒரு சிறப்புச் சட்டம் வந்தது. அது போதுமா என்று கேட்டால் என்னிடம் நீண்ட பதில் இருக்கிறது. இங்கே வேண்டாம்.

அந்தக் கடிதத்தை ஒரு கொப்பித் தாளில் தமிழில் எழுதிக்கொண்டு பக்கத்துக் காணிக்குப் போனேன். வழக்குப் பேசப் போகவில்லை. கிணற்றுக் கட்டில் இருந்து அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கனநேரம் கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஆர் பிள்ளை இது, எந்த ஊர்ச் சனம்?" என்று கேட்டார். இத்தாலி என்றேன், 2,000 வருடத்துக்கு முந்தி என்றேன். எழும்பிப் போய் மண்வெட்டியை எடுத்து வந்து, கிணற்றடியிலிருந்து எங்கள் காணிப் பக்கமாக மெல்லக் கொத்தத் தொடங்கினார். முக்கால் அடி ஆழத்தில் சீமெந்துக் கரை தட்டுப்பட்டது. அவருடைய அப்பாவும் எங்கள் அம்மப்பாவும் சேர்ந்து கட்டிய வாய்க்கால். ஒரு இடத்தில் சீமெந்து காயும் முன் யாரோ சின்னப்பிள்ளை மிதித்த கால் அடையாளம். அம்மா குனிந்து பார்த்து, தன் தங்கச்சியின் கால் என்றார். கனடாத் தம்பி தன் தாயின் அந்த ஐந்து விரலையும் போனில் படம் எடுத்துக்கொண்டான்.

அடுத்த வருடம் அம்மா காணியை என் பெயருக்கு நன்கொடை எழுதினார். நொத்தாரிசு இளம் பொடியன், வேகமானவர். பழைய உறுதியைப் பார்த்துக்கொண்டே புதியதைத் தட்டச்சுச் செய்தவர் அந்த வரியில் நின்றார். "இப்ப எல்லாரும் குழாய்தானே அக்கா, வழி வாய்க்கால் தேவையோ?" என்றார். எழுதுங்கள் என்றேன். எங்கள் சட்டப்படி நொத்தாரிசுக்கு முன்னால் இரண்டு சாட்சிகள் போதும். ஒருவர் மாமா, வன்னியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். மற்றவர் பக்கத்துக் காணிக்காரர். அம்மா அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். மாமா வைத்தார். பக்கத்துக் காணிக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பேனையை உதறி, தன் முழுப்பெயரையும் எழுதினார். எழுதி முடித்துப் பேனையை மூடிக்கொண்டு அம்மாவைப் பார்த்துச் சொன்னார்:

"நாளைக்குக் காலமை ஆறு மணிக்கு உங்கட முறை அக்கா. மோட்டரை நான் போட்டு விடுறன்."